அரூர்–ஊத்தங்கரை மாலிப்டினம்: அதன் உற்பத்தியைப் பற்றிய ஒரு விசாரணை

புதுச்சேரிப் பிரதேசத்தின் பூகர்ப்ப சரித்திரம் என்றவுடன் அறிஞர்களின் கவனம், 1846இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் வர்ணித்து உலகறியச் செய்த கிரெட்டேசிய காலத்துச் சிப்பிகளின்மீதும், அண்டையிலுள்ள திருவக்கரையின் கல்மரங்களின்மீதுமே செல்வது வழக்கம். ஆயினும் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை நிரப்புகின்ற தென்பெண்ணை, தன் துணையாறுகளான வாணியாற்றையும் பாம்பாற்றையும் எந்த மலைநாட்டிலிருந்து பெறுகிறதோ, அந்த அரூர், ஊத்தங்கரைத் தாலுகாக்களின் பாறைகளில் மாலிப்டினைட்டு என்னும் கந்தகத் தாது அகப்படுகிறது என்பதை நம்மவருள் அறிந்தவர் சிலரே. அளவில் அற்பமான இந்தத் தாதுவை, அமெரிக்கக் கொலராடோவின் கிளைமாக்ஸ் சுரங்கத்தைப் போன்ற ‘போர்பிரி’ வகையில் சேர்ப்பது தகுமா என்பதே இங்கு விசாரிக்கப்படும் விஷயம். தகாது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பொருளின் குணம். ஈய நிறத்தில் சற்றே நீலம் ஓடிய மெல்லிய செதில்கள். நகம் பட்டாலே கீறல் விழும். தொட்ட விரலில் கருமை ஒட்டும். சிவகங்கைக் கிராபைட்டைப் பார்த்துப் பழகிய கண் இதனையும் அதுவென்றே கொள்ளும். ஆனால் மெருகிட்ட பீங்கானில் தேய்த்தால் கிராபைட்டின் கோடு கருப்பாகவே நிற்க, இதன் கோட்டில் பச்சைச் சாயல் தெரியும், நீரைப்போல் 4.7 மடங்கு எடையுள்ளதாகையால், 2.2 மடங்கே எடையுள்ள கிராபைட்டினின்று கைக்கனத்தாலும் இதைப் பிரித்தறியலாம்.

இத்தனை கனமான பொருள் ஆற்று மணலில் தங்கியிருக்க வேண்டாமா என்பது நியாயமான வினா. தங்குவதில்லை. மென்மையும் செதில்பிளவும் காரணமாக, வெள்ளத்தில் சிறிது தூரம் உருளுவதற்குள்ளேயே அது பொடிந்துபோகிறது. எஞ்சியதைக் காற்றும் மழைநீரும் ஆக்சிகரணம் செய்ய, ஒரு பகுதி மாலிப்டேட்டாக நீரில் கரைந்தோடுகிறது, மற்றொரு பகுதி இரும்பொடு சேர்ந்து மஞ்சள் பூச்சாகப் பாறை வெடிப்புகளில் படிகிறது. சேலத்து மாக்னடைட்டு மணலை அரித்தெடுத்து உலையிலிட்ட பழைய கொல்லர்களுக்கு அந்தக் கரிய மணலே வழிகாட்டிற்று. மாலிப்டினமோ தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் மணல் எதனையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் இதைக் காலந்தாழ்ந்து கண்டார்கள் என்று குறைகூறுவது அநியாயம். பாகூர் வயலின் வண்டலில் இல்லாதது கொண்டு மலையிலும் இல்லை என்று அனுமானிப்பதும் பிழை. இத்தகைய தாதுவைத் தேடுவோன் மணலை அரிப்பதை விட்டு, மண்ணையும் ஓடைச் சேற்றையும் ரசாயனப் பரீட்சைக்கு உட்படுத்த வேண்டும்.

இனி அமைப்பு. போர்பிரி வகையில், உருகிய பாறைக்குழம்பு மேலோட்டின் ஆழமற்ற பகுதியில் ஏறி உறைகையில், அதன் உச்சியில் எல்லாத் திசைகளிலும் பின்னலிட்ட நுண்ணிய நரம்புகளும், அவற்றைச் சூழ்ந்து வளையம் வளையமாக மாறிய பாறைகளும் உண்டாகின்றன. அரூர்ப் பகுதியில் காண்பது வேறு. வடகிழக்கு–தென்மேற்காக, வடக்கே சற்று அதிகம் சாய்ந்து ஓடும் ஒரு நீண்ட பட்டையில் நைஸ் பாறைகள் நசுங்கி உராய்ந்திருக்கின்றன. அந்த நசுங்கலின் போக்கையே தழுவி வெங்கச்சங்கல் நரம்புகள் ஓடுகின்றன. மாலிப்டினைட்டு அந்த நரம்புகளிலும் அவற்றையொட்டிய பாறையிலும் திட்டுத்திட்டாகவும் வெடிப்புகளில் பூச்சாகவும் படிந்துள்ளது. திசையைத் தீர்மானித்தது நசுங்கலே என்பது இதனால் விளங்கும்.

பெருமளவு பாறையில் தாது சிறுசதவீதமாகப் பரவியிருப்பதே போர்பிரிக்குச் சான்றன்றோ என்பர் எதிர்க்கட்சியார். 2010ஆம் ஆண்டின் தேசியக் கணக்குப்படி, இந்தியாவின் மாலிப்டினத் தாது சுமார் 1.93 கோடி டன். அதில் பாதிக்குச் சற்று மேல் தமிழ்நாட்டினது. மொத்தத்திலும் அடங்கிய மாலிப்டினக் கந்தகம் ஏறத்தாழ 12,600 டன்தான். அதாவது ஒரு டன் கல்லில் 650 கிராம். ஆனால் சதவீதக் குறைவு ஓர் உற்பத்திக்கு மட்டும் உரிய லட்சணமன்று. சராசரி என்பதே செழிப்பான சிறு துண்டங்களையும் வெறும் கல்லையும் ஒன்றாய்க் கலந்து பெற்ற எண். மத்தியப் பிரதேசத்து மலஞ்ச்கண்டில், தாது கிரானைட்டிலேயே இருந்தும், அது போர்பிரியா அன்றா என்று பண்டிதர்கள் வாதாடுகிறார்கள். கிரானைட்டுக் குமிழியை மையமாகக் கொள்ளாத அரூருக்கு அப்பெயரைச் சூட்டுவதற்கு இன்னும் எத்தனை ஆதாரம் வேண்டும்!

மற்றொரு சங்கதியையும் கவனிக்க வேண்டும். இதே திக்கில்தான் சாமல்பட்டி, சேவாத்தூர் ஆகிய இடங்களின் கார்பனடைட்டுகளும் ஏலகிரியின் சயனைட்டும் ஆகிய காரப்பாறைகள் அமைந்துள்ளன. ஆலங்காயத்தில் பேரைட்டு நரம்புகள் உள்ளன. ஆழத்துக் காரக்குழம்பு ஏறிய அதே வழியில் தாதுநீரும் ஏறியிருக்கலாம் என்ற யூகத்துக்கு இவை இடந்தருகின்றன. நைஸ் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. காரப்பாறைகளுடையது 75 முதல் 80 கோடி. மாலிப்டினைட்டு உருவாகும்போது ரீனியத்தை ஏற்று, ஆஸ்மியத்தை ஏறக்குறைய முழுதும் விலக்குவதால், பின்னர் அதில் காணும் ஆஸ்மியம் ரீனியத்தின் சிதைவால் பிறந்ததே; ஆகவே அவ்விரண்டின் அளவைக் கொண்டு கணிக்கும் அதன் வயது, நைஸ், காரப்பாறை ஆகிய இரண்டில் எதனோடு பொருந்துகிறது என்பதே காரக்குழம்பு யூகத்துக்கு உரைகல். நரம்பு வேறு, நரம்பையொட்டிய நைஸ் வேறு என்று பிரித்து, ஒவ்வொன்றின் மாதிரியையும் தனித்தனியே அளந்தாலன்றி அந்தப் பரீட்சை நம்பத்தக்கதாகாது. நசுங்கல் ஒருமுறையன்றிப் பலமுறை நிகழ்ந்திருந்தால் இரு வயதுகளும் ஒரே பட்டையில் கிடைக்கவும் கூடும். எதுவாயினும், துளையிடும் யந்திரத்தைச் சதுரக் கட்டங்களாக நிறுத்தாமல், பட்டை வளையும் இடங்களிலும் இரு நசுங்கல்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களிலும் நிறுத்துவதே இவ்விடத்துக்குப் பொருத்தமானது.