கூலி கொடுக்காத மாளிகை

கி.மு. 609-இல் எகிப்து மன்னன் நெக்கோ, யோயாக்கிமை யூதாவின் அரியணையில் அமர்த்தினான். 100 தாலந்து வெள்ளியும் 1 தாலந்து பொன்னும் கப்பம். மக்களிடம் வரியாகப் பிடுங்கித்தான் அது கட்டப்பட்டது. அந்த நெருக்கடியிலும் அரசனுக்குப் புது மாளிகை வேண்டியிருந்தது! அகன்ற சாளரங்கள், கேதுருப் பலகைகள், செந்நிறப் பூச்சு. உழைத்தவர்களுக்கோ கூலி இல்லை.

எரேமியா 22-ஆம் அதிகாரம் அந்தக் கூலியைத்தான் கேட்கிறது. கட்டடம் கட்டுகிற நம்மையும் சுடுகிற பகுதி. மறையுரைகளில் எளிதாகக் கடந்துவிடுகிறோம். உன் தந்தை யோசியாவும் உண்டு குடித்தவர்தான், ஆனால் ஏழைக்கு நீதி வழங்கினார். ஆண்டவரை அறிவது அதுவே என்கிறார் இறைவாக்கினர். யோயாக்கிமோ செத்த கழுதையைப் போல எருசலேமுக்கு வெளியே இழுத்தெறியப்படுவான் என்பது தீர்ப்பு.

பாபிலோனியப் படை நெருங்கிய நாள்களில் அவன் இறந்தான். யோசியாவின் கல்லறையைக் குறிப்பிடும் அரசர்கள் நூல், மகனின் கல்லறையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.