பாக்டீரியா மூளையுறை அழற்சி: ஆய்வகச் சோதனைகளின் வரலாறு

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள சவ்வுகளைப் பாக்டீரியா தாக்குவதால் வருவது இந்நோய். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. 1805இல் ஜெனீவாவில் இது கொள்ளைநோயாகப் பரவியதை மருத்துவர் காஸ்பார் வியூசோ பதிவுசெய்தார். அன்று நோயை உறுதிசெய்யச் சோதனை எதுவும் கிடையாது. இறந்தவரின் மண்டையைத் திறந்த பிறகே சீழ் கண்ணில் படும்.

1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பாக்டீரியாவுக்குச் சாயமேற்றும் முறையை வெளியிட்டார். 1887இல் வியன்னாவில் அன்டன் வெய்க்செல்பாம் மெனிங்கோகாக்கஸ் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனாலும் நோயாளி உயிரோடிருக்கும்போதே கிருமியைக் காண வழி பிறந்தது 1891இல்தான். ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிக் குவின்கே இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுத்தார். தலைக்குள் கூடிய அழுத்தத்தைக் குறைப்பதே அவர் நோக்கம். இந்நோயைக் கண்டறியும் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த நீரின் செல்கள், சர்க்கரை, புரதம் ஆகியவற்றை அளக்கும் வழக்கம் வந்தது. இயல்பில் தெளிந்திருக்கும் நீர் இந்நோயில் கலங்கிவிடும். ஒரு கன மில்லிமீட்டரில் ஐந்துக்கு மிகாத வெள்ளணுக்கள் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். சர்க்கரை குறையும், புரதம் ஏறும்.

கிராம் சோதனைக்கு நீரைச் சுழற்றி, அடியில் படிவதைக் கண்ணாடிச் சில்லில் பூசி, ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், சிவப்புச் சாயம் என வரிசையாக ஊற்றிக் கழுவுவார்கள். ஊதா நிறத்தில் இணை இணையாகத் தெரிந்தால் நியூமோகாக்கஸ். சிவந்த அவரை விதை வடிவ இணைகள் என்றால் மெனிங்கோகாக்கஸ். அரை மணிக்குள் விடை கிடைத்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஒரு நாளாவது வேண்டும். ஆனால் எந்த மருந்து கேட்கும் என்பதை அதுதான் சொல்லும்.

மாதிரியைக் கையாள்வதில்தான் பல சோதனைகள் வீணாகின்றன. தாமதித்தால் வெள்ளணுக்கள் சிதைந்துவிடும். கல்ச்சருக்கான நீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கிருமிகள் மடியும். ஆன்டிபயாடிக் கொடுத்த இரண்டு மணி நேரத்திலேயே மெனிங்கோகாக்கஸ் கல்ச்சரில் வளராமல் போகலாம். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ஆப்பிரிக்க மூளையுறை அழற்சிப் பட்டையில் ஆய்வகம் வெகு தொலைவில் இருக்கும். அங்கிருந்து கிருமியை உயிரோடு கொண்டுசேர்க்க 1980களில் 'டிரான்ஸ் ஐசோலேட்' என்ற ஊடகப் புட்டி உருவானது.

1970களுக்குப் பின் கிருமியின் உறையிலுள்ள சர்க்கரைக் கூறுகளை அடையாளம் காணும் லேடெக்ஸ் சோதனைகளும், 1990களில் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரும் வந்தன. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் பிசிஆர் பிடித்துவிடும். 14 கிருமிகளை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தேடும் சோதனைத் தொகுப்பு ஒன்றுக்கு 2015இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இதன் விலை பல மருத்துவமனைகளுக்கு எட்டாதது. மருந்து கேட்குமா என்பதையும் இது சொல்லாது. ஆகவே நுண்ணோக்கியும் கல்ச்சரும் இன்றும் தேவைப்படுகின்றன.

ஊசி போட்டு நீர் எடுக்கத் தாமதமாகும் என்றால், ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு உடனே ஆன்டிபயாடிக் தொடங்குவதே முறை. எந்தச் சோதனைக்காகவும் சிகிச்சை காத்திருக்கக் கூடாது.