யு அத்தையும் மலைக் கணவாயும்

1930-களின் பயணிகள் விமானம் ஒன்றில் அமர்ந்து ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே பறக்க விரும்பியவர்களுக்கு 2018 வரை ஒரு வழி இருந்தது. ஜூரிக் நகரை அடுத்த டூபன்டோர்ஃப் விமானத் தளத்துக்குச் சீட்டோடு போய்ச் சேர்ந்தால் போதும். அங்கே யுங்கர்ஸ் யு 52 காத்திருக்கும். நம் ஊர்த் தகரக் கொட்டகையை நினைவூட்டும் நெளிவுத் தகடு போர்த்திய உடல். மூக்கில் ஒன்றும் இறக்கைகளில் இரண்டுமாக மூன்று எஞ்சின்கள். உள்ளே பதினேழு பேருக்கு இடம். ஜெர்மானியர் இதற்கு இட்ட செல்லப்பெயர் ‘யு அத்தை’.

அத்தையின் வரலாறு அவ்வளவு செல்லமானதல்ல. டெஸ்ஸாவ் நகரில் எர்ன்ஸ்ட் ஸிண்டல் வடிவமைத்த இவ்விமானம் 1930-இல் ஒற்றை எஞ்சினோடு முதன்முதலாகப் பறந்தது. 1932-இல் மூன்று எஞ்சின்கள் பெற்று லுஃப்தான்ஸாவின் முதன்மை விமானமாயிற்று. நிறுவனர் ஹ்யூகோ யுங்கர்ஸின் நிறுவனத்தையும் காப்புரிமைகளையும் நாஜி அரசு 1933-இல் மிரட்டிப் பறித்துக்கொண்டது. 1935-இல் அவர் மறைந்தார். 1937-இல் கெர்னிகா நகரின் மீது குண்டு வீசியவற்றுள் அவர் பெயர் தாங்கிய இந்த விமானமும் உண்டு. பழைய இயந்திரங்களைப் பற்றிய ஏக்கப் பேச்சில் இந்தப் பக்கங்கள் பெரும்பாலும் புரட்டப்படுவதில்லை.

சுவிஸ் விமானப்படை 1939-இல் மூன்று யு 52 விமானங்களை வாங்கி 1981 வரை பயன்படுத்தியது. ஓய்வுபெற்ற அவற்றைக் கைவிட மனமில்லாத ஆர்வலர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 1982-இல் ‘யு-ஏர்’ உருவாயிற்று. தன்னார்வலர்கள் பராமரிப்பில் கைகொடுக்க, விமானப்படையில் பயின்ற விமானிகள் ஓட்ட, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தை பயணிகளைச் சுமந்தாள். இன்றைய விமானங்கள் மேகத்துக்கு மேலே ஏறி மலையை ஒரு வரைபடமாக்கிவிடுகின்றன. இதிலோ வேகம் குறைவு, உயரம் குறைவு; சிகரம் சன்னலுக்கு நேராக வந்து நிற்கும். மக்கள் காசு கொடுத்தது அந்த நெருக்கத்துக்குத்தான்.

2018 ஆகஸ்ட் 4 அன்று, லொக்கார்னோவிலிருந்து டூபன்டோர்ஃப் திரும்பிக்கொண்டிருந்த எச்பி-எச்ஓடி என்னும் விமானம் ஃப்ளிம்ஸ் அருகே பிட்ஸ் செக்னாஸ் சிகரத்தின் அடியில் ஏறக்குறையச் செங்குத்தாக விழுந்தது. பயணிகள் பதினேழு பேர், பணியாளர் மூவர்; ஒருவரும் பிழைக்கவில்லை.

எண்பது வயதை நெருங்கிய விமானம் என்றதும் எல்லோருடைய சந்தேகமும் உலோகத்தின் மீதே விழுந்தது. இடிபாடுகளில் துருவும் விரிசலும் கிடைக்கவும் செய்தன. ஆனால் 2021 ஜனவரியில் வெளியான விசாரணை அறிக்கை விபத்துக்கான காரணத்தை வேறிடத்தில் கண்டது. குறுகிய பள்ளத்தாக்குக்குள் தாழ்வாகவும், அந்தச் சூழலுக்கு ஆபத்தான குறைந்த வேகத்திலும், மாற்று வழிக்கு இடமின்றியும் விமானிகள் நுழைந்திருக்கிறார்கள். மலையில் எதிர்பார்க்கத்தக்க காற்றுச் சுழற்சியே விமானத்தின் கட்டுப்பாடு பறிபோகப் போதுமானதாக இருந்தது. எடைச்சமநிலைப் புள்ளியும் அனுமதித்த எல்லைக்குப் பின்னால் இருந்தது. ஓட்டிய இருவரும் அனுபவசாலிகள், அறுபதைக் கடந்தவர்கள். விதிகளை மீறி அபாயத்தை ஏற்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது என்கிறது அறிக்கை. நிறுவனத்தின் மற்ற விமானிகளிடமும் இதே போக்கைக் கண்டது. கண்காணிக்க வேண்டிய அரசு அலுவலகத்தையும் அது விட்டுவைக்கவில்லை.

ஆகவே துருவை மட்டும் பழித்துவிட்டு நகர முடியவில்லை. அதே சமயம், அந்தத் துரு விபத்துக்குக் காரணமல்ல என்பதால் ஆறுதல் கொள்ளவும் முடியாது. விமானம் நொறுங்கிய பிறகே அது கண்ணில் பட்டது. அத்தனை அன்பான கைகள் தொட்டுத் துடைத்த விமானம் அது. நேசிப்பவனின் கண்ணும் பரிசோதகனின் கண்ணும் ஒன்றாக இருப்பது அரிது என்றே எனக்குத் தோன்றுகிறது. சீட்டு வாங்கியவருக்கோ முதலாமவன் மட்டும்தான் தென்பட்டான்.

2019 மார்ச்சில் சுவிஸ் அரசு, யு-ஏர் நிறுவனம் இவ்விமானங்களில் வணிகமுறையில் பயணிகளை ஏற்றிச் செல்வதைத் தடை செய்தது. ஜெர்மனியில் லுஃப்தான்ஸாவின் ஆதரவில் பறந்துகொண்டிருந்த 1936-ஆம் ஆண்டு யு 52 ஒன்றும் பயணிகள் சேவையிலிருந்து விலகியது. அதனுள் ஏறுபவர்களுக்கு இனிச் சன்னல் வழியே சிகரங்கள் தெரியப்போவதில்லை, அது காட்சிப்பொருளாகிவிட்டது.