பத்திரிகையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு: ரோகிணி நிலேகனி

பள்ளிக்கூடத்திலிருந்து பத்திரிகைக்குப் போனவர் ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். ஜி. சுப்பிரமணிய ஐயர். சென்னையில் வாத்தியாராக இருந்தவர், 1878-ல் நண்பர்கள் ஐந்து பேருடன் சேர்ந்து 'தி இந்து'வை ஆரம்பித்தார். 1882-ல் 'சுதேசமித்திரன்'. நான் இப்போது எழுத வந்தது அதே பாதையில் எதிர்த்திசையில் நடந்த ஒருவரைப் பற்றி.

ரோகிணி நிலேகனி என்றதும் 'இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகனியின் மனைவிதானே?' என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அவர் முதலில் ஒரு பத்திரிகையாளர். மும்பையில் பிரெஞ்சு இலக்கியம் படித்துவிட்டு, 1980-ல் 'பாம்பே' என்ற பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். பிறகு 'சண்டே' பத்திரிகைக்கும் எழுதினார். 1998-ல் 'ஸ்டில்பார்ன்' என்ற நாவல் வந்தது. இன்ஃபோசிஸ் தொடங்கிய காலத்தில் தன் சொந்தச் சேமிப்பையும் அதில் போட்டிருந்தார். அது பின்னால் எவ்வளவு ஆனது என்று பி.காம் படிக்கிற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை!

கல்விப் பக்கம் அவர் வந்தது 2000-ல். கர்நாடகத்தில் 'அக்ஷரா' என்ற தொண்டு நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் இருக்க வேண்டும், இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்காகக் கற்கவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். இரண்டாவது பாதிதான் கஷ்டமானது. 'பிரதம்' அமைப்பு 2005 முதல் நாடு முழுக்கக் கிராமங்களில் 'அசர்' என்ற கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடச் சரளமாக வாசிக்கத் தெரியவில்லை என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லலாம், அரசாங்கத்தைக் குறை சொல்லலாம். பத்திரிகையில் இருந்தவருக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளை அடுத்து எதைப் படிக்கும்? பாடப்புத்தகத்தைத் தவிர வீட்டில் ஒரு காகிதம் கிடையாது. கடையில் இருக்கிற குழந்தைப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், விலையும் அதிகம். 2004-ல் அவர் மற்றவர்களோடு சேர்ந்து 'பிரதம் புக்ஸ்' பதிப்பகத்தைத் தொடங்கியது இந்த இடைவெளியை நிரப்பத்தான். 'ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு புத்தகம்' என்பது கொள்கை. 'நோனி' என்ற பெயரில் அவரே குழந்தைகளுக்குக் கதையும் எழுதினார். நீளமாக வளர்ந்த முடியை வெட்ட ஆள் தேடி அலையும் சிருங்கேரி சீனிவாஸ் அவர் படைத்த ஆள்தான்.

சரி, இதில் நம்ம பாடம் எங்கே வருகிறது என்றால், செலவுக் கணக்கில். படப் புத்தகத்தில் பெரிய செலவு எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் இவர்களுக்குக் கொடுப்பது. ஆயிரம் பிரதி போட்டாலும் லட்சம் பிரதி போட்டாலும் அந்தச் செலவு மாறாது. அதாவது நிலையான செலவு. வாங்குகிறவர்கள் குறைவாக இருக்கும் மொழியில் அதைக் கொஞ்சம் பிரதிகள் மேல் ஏற்றினால் விலை எங்கேயோ போய்விடும். அதனால் எந்த வியாபாரியும் அந்த மொழியில் புத்தகம் போட மாட்டார். யார் மேலும் தப்பில்லை, கணக்கு அப்படி.

பிரதம் புக்ஸ் அந்தக் கணக்கை மாற்றியது. தன் புத்தகங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட ஆரம்பித்தது. படைத்தவர் பெயரைப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம்! ஒருமுறை வரைந்த படம் எல்லா மொழிக்கும் உதவும். 2014-ல் ஒடிசாவின் முண்டா, குயி, சௌரா, ஜுவாங் ஆகிய பழங்குடி மொழிகளில் புத்தகங்கள் வந்தன. அதே ஆண்டு ரோகிணி தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். 2015 செப்டம்பரில் வந்த 'ஸ்டோரிவீவர்' தளத்தில் இன்று 300-க்கும் அதிகமான மொழிகளில் கதைகள் இருக்கின்றன. தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு.

தெலுங்கைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் எளாவூரைத் தாண்டினால் ஆந்திரா. பழவேற்காடு ஏரிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் உண்டு. ஒரே படத்துக்குக் கீழே இரண்டு மொழியும் கிடைப்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது எல்லையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து, கணவர் நந்தன், சங்கர் மருவாடா ஆகியோருடன் சேர்ந்து 'ஏக்ஸ்டெப்' அமைப்பை உருவாக்கினார். அவர்கள் இலவசமாகக் கொடுத்த மென்பொருளின் மேல்தான் மத்திய அரசின் 'திக்ஷா' 2017-ல் எழுந்தது. 2018-ல் நம் மாநிலத்துப் புதிய பாடப்புத்தகங்களில் வந்த க்யூஆர் கோடு ஞாபகம் இருக்கிறதா? அது கொண்டுபோய் விட்டது திக்ஷாவில்தான்.

எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியுமா? இரண்டு கேள்விகள் எனக்கு உண்டு. ஒன்று, இணையத்தில் இலவசம் என்றால் போன் இருக்கிற வீட்டுக்குத்தான் இலவசம். 2020-ல் பள்ளிகள் மூடியபோது இதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்த உரிமத்தில் அச்சடிக்கவும் அனுமதி இருக்கிறது. ஊராட்சியோ இளைஞர் மன்றமோ அச்சடித்துக் கொடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

இரண்டாவது கொஞ்சம் கடினம். 2013-ல் அவர் சுமார் 164 கோடி ரூபாய்க்கு இன்ஃபோசிஸ் பங்குகளை விற்று நற்பணிகளுக்கு ஒதுக்கினார். நல்ல மனசுதான். ஆனால் பணம் இருப்பவர்களின் விருப்பம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கலாமா? சமூகம், அரசு, சந்தை மூன்றைப் பற்றி 2022-ல் அவர் வெளியிட்ட நூலில் சமூகத்துக்கே முதலிடம் என்கிறார். என்னைக் கேட்டால், அந்தத் திறந்த உரிமம்தான் இதற்கு நல்ல பதில். கொடுத்தவரால் திரும்பப் பிடுங்க முடியாத பொருளை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் ஆள முடியாது. அவர் பதவியை விட்ட பிறகும் கதைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

நேரம் கிடைத்தால் ஸ்டோரிவீவரில் ஒரு தமிழ்க் கதையைத் திறந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். இரண்டு மொழி தெரிந்தவர்கள் ஒன்றை மொழிபெயர்த்தும் போடலாம்.