தங்கிவிட்ட குழாய்

கறம்பக்குடி வீட்டில் தாத்தாவுக்கு யூரின் டியூப் மாட்டியிருந்த மாதங்களில் எங்கள் எல்லோருக்கும் பொது எதிரி அந்த டியூப்தான். வாரக்கணக்கில் தாங்கவேண்டியது நாலாம் நாளே அடைத்துக்கொள்ளும். பை காலியாகக் கிடக்கும், படுக்கை நனையும், அடிவயிறு இறுகும். "தண்ணி குடிச்சாத்தானே" என்று அப்பத்தா ஏசும். தாத்தா பதில் சொல்லமாட்டார். டியூபை மாற்றிக்கொண்டே இருந்தோம். சர்வர் விழும்போதெல்லாம் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, லாகைத் திறந்தே பார்க்காத கதை. கடைசியில் ஸ்கேன் சொன்னது: சிறுநீர்ப்பையில் கல்.

கல்லும் குழாயும் எப்படிச் சேர்ந்தன என்று படிக்கப்போய்க் கிடைத்தவர் கிளாட் மார்ட்டின். பிரெஞ்சுச் சிப்பாயாகப் புதுச்சேரிக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் பக்கம் தாவி, லக்னோவில் பெரும் பணக்காரரானவர். 1782-ல் அவருக்கும் இதே கல். அன்று வழி கத்திதான். மயக்க மருந்து வர இன்னும் 60 வருஷத்துக்கு மேல் இருந்தது. மார்ட்டின் எஃகுக் கம்பியின் நுனியை அரமாக்கி, குழாய் வழியே தானே உள்ளே செலுத்திக் கல்லை ராவினார். சில நாட்களில் பன்னிரண்டு தடவைகூட. ஆறு மாதத்தில் கல் பொடியாகி வெளியேறியது. பாரிஸில் சிவியால் என்ற மருத்துவர் நோயாளியின் கல்லைக் கத்தியில்லாமல் உள்ளேயே உடைத்தது 1824-ல்தான்.

மார்ட்டினுக்குக் குழாய் ஒரு பாதை. வேலை முடிந்ததும் உருவிவிடலாம். 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி அதன் நுனியில் சிறு பலூன் வைத்தார். குழாய் உள்ளேயே தங்கியது. அதனால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். ஆனால் தங்கிய இடத்தில் கிருமியும் குடியேறும். புரோட்டியஸ் என்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீரின் காரத்தன்மை கூடும். மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் உப்புகளாகப் படியும், உப்புத்தண்ணி காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை படிகிற மாதிரி. குழாய் அடைக்கும். அதை உருவும்போது பலூனில் ஒட்டிய ஓடு உதிர்ந்து உள்ளேயே விழும். அதைச் சுற்றிக் கல் வளரும். கல்லுக்குள் பதுங்கிய கிருமி அடுத்த குழாயையும் அடைக்கும்.

ஆக, நாங்கள் மாற்றிய ஒவ்வொரு குழாயும் அந்தக் கல்லுக்கு ஒரு சுற்று சேர்த்திருக்கலாம். டியூப் திரும்பத் திரும்ப அடைத்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "உள்ள கல் இருக்கா?" என்பதே. நாங்கள் அதைக் கேட்கப் பல மாதம் ஆனது.

கல்லை உடைத்து எடுத்தபிறகு டியூப் ஒழுங்காக ஓடியது. அப்பத்தா ஏசுவதை நிறுத்தியது. தாத்தா எப்போதும்போலத்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.