தில்லையும் அதன் இலத்தீன் பெயரும்

ஒரே மரம் ஊருக்கொரு பெயரால் வழங்கினால் உலகத்தார் அதனை அறிவது எங்ஙனம்? இவ்விடரைத் தீர்க்கவே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-ஆம் ஆண்டு தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். அவர் இலங்கையைக் கண்டவரல்லர். ஆயினும் 1670-களில் இங்கு ஒல்லாந்தக் கம்பெனியின் மருத்துவராயிருந்த பவுல் ஹெர்மன் சேர்த்த உலர்செடிகளைக் கொண்டு, 1747-இல் இலங்கைத் தாவரநூல் ஒன்றை இயற்றினார்.

நம் வாவிக்கரையிற் கண்ணா மரங்களோடு நிற்கும் தில்லைக்கு 1759-இல் அவர் இட்ட பெயர் 'எக்சோகேரியா அகலோக்கா'. முதற்சொல் குருடாக்குதலைக் குறிக்கும் இலத்தீனிற் பிறந்தது. தில்லைப்பால் கண்ணிற் பட்டால் பார்வை கெடும் என்பதை விறகு வெட்டுவோர் அறிவர். இரண்டாஞ்சொல் அகிற்கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அது நம் 'அகில்' என்பதோடு உறவுடையது என்பர் மொழியறிஞர். ஆனால் தில்லை வேறு, அகில் வேறு! பழைய மயக்கமொன்று பெயரில் நிலைத்துவிட்டது. முந்திய பெயரே செல்லும் என்பது தாவரவியலார் விதியாதலின், இன்று அதனை மாற்றுவாரில்லை.

இலத்தீன் பெயர் மரத்தின் நஞ்சைச் சொல்கிறது. தமிழ்ப்பெயரோ, இம்மரமே தலவிருட்சமாக விளங்கும் சிதம்பரத்தையும் ஆடும் பெருமானையும் நினைப்பூட்டுகிறது. இரண்டும் மெய்யே, ஒன்றை அறிந்து மற்றதை மறத்தல் பாதியறிவாம்.

இலத்தீன் பெயர் நூல்களில் வாழும். வாவிக்கரைச் செடிகொடிகளின் தமிழ்ப்பெயர் பலவோ முதியோர் நாவில் வாழ்கின்றன. கண்ணாக்காடு அழியுமிடத்துப் பெயரும் அழியும். இளைஞர்காள்! பெரியோரைக் கேட்டு அவற்றை எழுதிவைத்தல் நம் கடனன்றோ?