பேப்பர் திட்டியது, டிக்கெட் கவுன்டர் போன் ஓயவில்லை: 'லே மிஸரபிள்' 1985

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் காலைப் பத்தி.

1985 அக்டோபர், லண்டன். கேமரன் மெக்கின்டாஷ் என்ற நாடகத் தயாரிப்பாளருக்கு அது மோசமான வாரம். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியோடு சேர்ந்து அவர் தயாரித்த 'லே மிஸரபிள்' என்ற இசை நாடகம், அக்டோபர் 8-ஆம் தேதி பார்பிகன் தியேட்டரில் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. அடுத்தடுத்த நாள்களில் வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை கிழிகிழி என்று கிழித்தன. விக்டர் ஹ்யூகோவின் மாபெரும் நாவலைக் கண்ணீர் சீரியலாகச் சுருக்கிவிட்டார்கள், பழைய மெலோட்ராமா, மூணு மணி நேரத்துக்கு மேல ஒரே சோகம். இந்த ரேஞ்சில்தான் எழுதினார்கள். ஒன்றிரண்டு நல்ல விமர்சனங்களும் வந்தன. ஆனா அந்தக் கூட்டத்தில் அவை காணாமல் போயின.

மெக்கின்டாஷுக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. பார்பிகனில் நாடகம் சில வாரங்கள்தான் ஓடும். அப்புறம் வெஸ்ட் எண்ட் பகுதியில் இருக்கும் பேலஸ் தியேட்டருக்கு மாற்றுவதாகத் திட்டம். அதற்கு 50,000 பவுண்ட் முன்பணம் கட்டியாச்சு. இப்போ பின்வாங்கினா அந்தப் பணம் போச்சு. பின்வாங்காம போய், ஊரே திட்டுற நாடகத்துக்குக் கூட்டம் வரலைன்னா அதைவிடப் பல மடங்கு போகும். முடிவெடுக்க இருந்தது 48 மணி நேரம். எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று பார்பிகன் டிக்கெட் கவுன்டருக்கு போன் போட்டார். எடுத்தவர், உங்களுக்கு எப்படி லைன் கிடைச்சுதுன்னே தெரியலை, போன் ஓயவே இல்லை என்றாராம். சுமார் 5,000 டிக்கெட் விற்றிருந்தது. அந்த தியேட்டருக்கு அது ரெக்கார்ட்.

டிசம்பர் மாதமே நாடகம் பேலஸ் தியேட்டருக்குப் போனது. இன்னைக்கும் லண்டனில் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இது மெக்கின்டாஷே பல பேட்டிகளில் சொன்ன கதை. நான் வேலை பார்க்கிற துறையில் ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் இப்படி ஒரு கதையைப் பாக்கெட்டில் வெச்சிருப்பாங்க. அதனால இதைக் கேட்டவுடனே எனக்கு ஒரு சந்தேகம். அந்த 5,000 டிக்கெட்டை வாங்கியது யார்? காலையில் பேப்பரில் திட்டைப் படித்துவிட்டு, சரி போய்ப் பார்ப்போம் என்று யாராவது கிளம்புவார்களா?

இங்கேதான் நாடக உலகத்தின் ஒரு வழக்கம் நமக்கு உதவுது. நம்ம ஊர் சினிமாவில் ரசிகரும் விமர்சகரும் கிட்டத்தட்ட ஒரே நாளில் படம் பார்க்கிறார்கள். லண்டனில் அப்படி இல்லை. அதிகாரபூர்வத் தொடக்கத்துக்கு முன்னாடியே டிக்கெட் விற்று, முன்னோட்டக் காட்சிகள் போடுவார்கள். விமர்சகர்களைக் கூப்பிடுவது அதெல்லாம் முடிந்த பிறகு. 'லே மிஸரபிள்' நாடகத்துக்கும் அப்படித்தான், ஒரு வாரத்துக்கு மேல் முன்னோட்டம் நடந்தது. பார்பிகனில் 1,100-க்கு மேல் இருக்கைகள். கணக்குப் போட்டுப் பாருங்க. விமர்சகர் பேனாவைத் திறக்கும்போது ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பேர் நாடகத்தைப் பார்த்து, அழுது, வீட்டுக்குப் போய், அம்மாகிட்ட, ஆபீஸ்ல, பக்கத்து வீட்டில் சொல்லி முடிச்சாச்சு. அந்த போனை அடித்தவர்களில் நிறைய பேர் இவர்கள் சொல்லிக் கேட்டவர்களாகத்தான் இருக்கணும் என்பது என் ஊகம். விமர்சனம் லேட்டா வந்து சேர்ந்த தகவல், அவ்ளோதான்.

இன்னொரு விஷயம். ஒரு நாடகம் நல்லா இல்லைன்னு எழுதினா ரசிகருக்குக் கோபம் வராது. "நேத்து ராத்திரி நீ அழுதது மட்டமான அழுகை"ன்னு எழுதினா வரும். 1985-இல் வந்த திட்டுகளில் பாதி இந்த ரகம். பதிலுக்கு வாதம் பண்ண ரசிகர்களுக்கு அன்னைக்கு இடமும் கிடையாது. கையில் இருந்தது போன்தான். இன்னொரு டிக்கெட், இந்தத் தடவை தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு.

விமர்சகர்கள் பக்கமும் கொஞ்சம் நிற்கணும். அவர்களை மேட்டிமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி அரசு மானியத்தில் ஓடும் நிறுவனம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற ஒரு குழு, வணிகத் தயாரிப்பாளரோடு கூட்டுச் சேர்ந்து இசை நாடகம் போடலாமா என்ற கேள்வி அன்றைக்கு நிஜமாவே காரசாரமா ஓடியது. இயக்குநர்களில் ஒருவரான ட்ரெவர் நன் அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டே, 1981-இல் வெளியே போய் 'கேட்ஸ்' நாடகத்தை இயக்கி ஹிட் கொடுத்தவர். சந்தேகம் வராமல் இருக்குமா? விமர்சகர் கேட்டது "இவங்க இதைச் செய்யலாமா?" என்று. ரசிகர் கேட்டது "எனக்கு இது பிடிச்சுதா?" என்று. இரண்டும் வேற வேற கேள்வி. என்னைக் கேட்டால், முதல் கேள்வி நல்ல கேள்விதான். பதிலாக வந்தது, பல வருஷத்துக்கு அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த ராயல்டி பணம். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் போட அதுவும் உதவியது.

ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. பிரெஞ்சு மூலத்தை எழுதியவர் அலேன் பூப்லில், இசை குளோட்-மிஷெல் ஷோன்பெர்க். ஆங்கிலப் பாடல்களை முதலில் எழுதத் தொடங்கியவர் ஜேம்ஸ் ஃபென்டன். அவர் கவிஞர், அதோடு நாடக விமர்சகர். பிறகு அந்த வேலையை எடுத்துக்கொண்ட ஹெர்பர்ட் கிரெட்ஸ்மரும் முன்னாள் நாடக விமர்சகர். அப்போது 'டெய்லி மெயில்' பத்திரிகையின் டிவி விமர்சகர் அவர்தான். அதே 'டெய்லி மெயில்' நாடகத்தை நக்கலடித்து எழுதியது. திங்கட்கிழமை ஆபீஸ் கேன்டீன் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தக் கதைக்கு இது முதல் தடவையும் இல்லை. 1862-இல் ஹ்யூகோவின் நாவல் வந்தபோதும் இலக்கியவாதிகள் பலர் முகம் சுளித்தார்கள். கவிஞர் போதலேர் பத்திரிகையில் பாராட்டி எழுதிவிட்டு, அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் அதே நாவலைக் கேவலம் என்று திட்டினார். வாசகர்கள் அதற்குள் பிரதிகளைக் காலி பண்ணியிருந்தார்கள். நமக்கும் இந்தக் கதை புதுசு கிடையாது. 1950-இல் வந்த 'ஏழை படும் பாடு' இதே நாவல்தான். அதில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பேர் நின்றது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் "விமர்சகர் தோத்தார், ரசிகர் ஜெயிச்சார்" என்று இன்ஸ்டா ரீல் போட்டு முடிச்சிருக்கலாம். ஆனா வரலாறு நமக்கு ஒரு ஏ-பி டெஸ்ட்டும் வெச்சிருக்கு. அதே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. மூன்றே வருஷம் கழித்து, 1988.

ஸ்டீபன் கிங் எழுதிய 'கேரி' நாவலை இசை நாடகமாக்கினார்கள். இயக்குநர் டெர்ரி ஹேண்ட்ஸ், அவரும் அந்தக் கம்பெனியின் தலைவர். ஸ்ட்ராட்ஃபோர்டில் தொடங்கி, நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. மே 12-ஆம் தேதி அதிகாரபூர்வத் தொடக்கம். விமர்சனங்கள் படுமோசம். தியேட்டரில் கூச்சல் போட்டவர்களும் இருந்தார்கள். அதே தியேட்டரில், கேரியாக நடித்த லின்ஸி ஹேட்லியும் அம்மாவாக நடித்த பெட்டி பக்லியும் வணங்க வந்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்களும் இருந்தார்கள். ரசிகர்கள் இல்லாமல் இல்லை.

மே 15-ஆம் தேதி நாடகம் மூடப்பட்டது. 16 முன்னோட்டம், 5 காட்சி. நஷ்டம் 70 லட்சம் டாலருக்கு மேல்.

இரண்டையும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. 'கேரி' நாடகத்தில் நிஜமாவே பெரிய ஓட்டைகள் இருந்தன. ஆனால் அதன் ரசிகர்களுக்கு யாரும் ஒரு சான்ஸ் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. பார்பிகனில் நாடகம் மானிய அரங்கில் பாதுகாப்பாக ஓடிக்கொண்டிருந்தது. வாய்வழிச் செய்தி டிக்கெட்டாக மாற அங்கே நேரம் இருந்தது. பிராட்வேயில் ஒவ்வொரு வாரமும் மீட்டர் ஓடும். பணம் போட்டவர்கள் கையை எடுத்தால் அன்றைக்கே ஷட்டர். மெக்கின்டாஷ் மாதிரி போன் போட்டு நிலவரம் கேட்க அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 'கேரி' பாடல்கள் அப்போது ஆல்பமாகவே வெளியாகவில்லை. திருட்டுத்தனமாகப் பதிவு பண்ணின கேசட்டுகள்தான் ரசிகர்கள் கை மாறி மாறிச் சுற்றின. காப்பிக்குக் காப்பி, காப்பிக்குக் காப்பி, கரகரன்னு ஒரு சத்தத்தோட. அந்த நாடகத்தைப் பார்த்தே இராதவர்கள் அந்தப் பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 2012-இல் எழுதியவர்களே அதைத் திருத்தி, நியூயார்க்கில் ஒரு சின்ன அரங்கில் மறுபடி மேடையேற்றினார்கள். அப்பவும் விமர்சனம் கலவையாகத்தான் வந்தது. ஆனா இந்தத் தடவை முறையான ஆல்பம் வந்தது, 24 வருஷம் கழிச்சு. இப்போ அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பசங்களே உரிமை வாங்கி அந்த நாடகத்தைப் போடறாங்க.

அந்த ஆல்பத்தை இந்த வாரம் கேட்டுப் பாருங்க. அம்மாவும் மகளும் சேர்ந்து வர்ற பாட்டுகள்ல இருந்து ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.